சரி, அப்புறம்?

எங்கள் தோட்டத்தில் காலை மழைக்காக ஏங்கிக் கிடந்தவர்கள் நாலே பேர். மற்ற எல்லோரும் மழையைக் கண்டபடி திட்டினார்கள். அதில் நியாயமும் இருந்தது. ரப்பர் மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினால் பால் வெட்டிய கோட்டில் ஓடாமல் பட்டையெங்கும் வழிந்து மண்ணுக்குப் போய்விடும். அதனால் விடியலில் மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் பேர் விழாது. வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, கணக்கப்பிள்ளை பக்கத்து மரத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "போங்க, போங்க" என்று கையை வீசுவார். மணி, சுனில், விமலா, நான் ஆகிய நாலு பேரும் மற்றவர்களைப் போலவே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்துப் பக்கமாகக் கொஞ்ச தூரம் நடப்போம். திருப்பம் தாண்டியதும் பால் நிறுக்கும் கொட்டகைக்கு ஓட்டம்தான்.

அங்கே, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவள் எங்களுக்கு முன்பே வந்து சிமெந்துத் தரையைத் துடைத்து முடித்திருப்பாள். அந்தத் தரையை அவள் மூன்று தரம் துடைப்பாள். எவ்வளவு துடைத்தாலும் ஒட்டுப்பால் நாற்றம் போகாது என்று அவளுக்கும் தெரியும்.

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "என்னைய வச்சுக் கதை எழுதுறியா? சரி, எழுது. அப்புறம்?" என்று கேட்பாள். அவளுடைய அந்த 'சரி, அப்புறம்?' எங்களைப் படுத்திய பாடு கொஞ்ச நஞ்சமல்ல. அதைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

அப்போது தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் தோட்டம் இலங்கையில் யட்டியாந்தோட்டைக்கு மேலே இருந்தது. அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நாலு வருஷம் வளைகுடா நாடு ஒன்றில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பி, மறுபடியும் பால் வெட்ட வந்திருந்தாள். அவள் வேலை செய்த வீட்டுக்காரர்கள் அரபிகள் அல்ல. எங்கிருந்தோ வந்து அங்கே உத்தியோகம் பார்த்த, இங்கிலீஷ் பேசும் குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை தோறும் கூட்டாளிகளோடு சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு விளையாட்டு விளையாடுவார்களாம். ஒருவன் கதை சொல்லுவான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வீரனாக இருப்பார்கள். எதிரே என்ன வருகிறது என்று அவன் சொன்னால், தாங்கள் என்ன செய்கிறோம் என்று இவர்கள் சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதைக் எண் போட்ட காய் உருட்டிப் பார்த்துக்கொள்வார்கள். குளிர்பானத் தட்டை ஏந்தியபடி சுவரோரம் நின்று அக்கா அதை வருஷக் கணக்காகப் பார்த்திருக்கிறாள். சின்னப் பையனுக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் அவனுக்குப் பதிலாக அவளை உருட்டச் சொன்னார்களாம். அவள் ஊருக்குப் புறப்பட்டபோது அந்தச் சின்னவன் தன்னுடைய காய்கள் ஏழையும் ஒரு நீலப் பையில் போட்டு அவள் கையில் திணித்துவிட்டான்.

நாலு முகக் காயிலிருந்து இருபது முகக் காய் வரைக்கும் அதில் இருந்தன. தாயக்கட்டையைத் தவிர வேறொன்றும் கண்டிராத நாங்கள் அந்த இருபது முகக் காயை ஏதோ மாணிக்கக் கல்லைப் பார்ப்பது போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஆட்டத்துக்கு ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் உண்டு, எல்லா விதியும் அதில்தான் இருக்கிறது என்று அவளே சொன்னாள். அது அவளிடம் இல்லை. இருந்திருந்தாலும் அவளால் படித்திருக்க முடியாது. "அப்ப எப்படிக்கா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"அந்தப் புள்ளைங்க புஸ்தகத்தப் பாத்துச்சுங்க. நான் புள்ளைங்க மொகத்தப் பாத்தேன்" என்றாள்.

இதை நான் அப்போது சாதாரணமாக எடுத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, அவளுடைய மொத்த வித்தையும் அதுதான் என்று. நாங்கள் எந்த இடத்தில் நெஞ்சை நிமிர்த்துகிறோம் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்த இடத்திலேயே பள்ளம் தோண்டுவாள்.

முதல் நாள் ஆளுக்கொரு ரப்பர் கொட்டையைக் கையில் கொடுத்து, "நீ யாரு?" என்று கேட்டாள்.

"மணி" என்றான் மணி.

"அது எனக்குத் தெரியும்டா. இங்க நீ யாரு?"

அப்படித்தான் மணி வாள் வீரன் ஆனான். பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து எங்களோடு பால் வெட்ட வரும் சுனில், மாய மோதிரம் போட்டவன். அதைப் போட்டால் ஆளே தெரியாது. நான் சிறகு முளைத்த மந்திரவாதி. விமலா மட்டும் வெகு நேரம் யோசித்துவிட்டு, "காட்டுல மருந்து பறிக்கிறவ" என்றாள். மணி தலையில் அடித்துக்கொண்டான்.

ஆட்டம் நடக்கும்போது அக்கா உட்கார மாட்டாள். நாங்கள் சாக்கை விரித்துத் தரையில் சப்பணம் போட்டிருப்போம். அவள் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றபடியே நடத்துவாள். இடது உள்ளங்கையில் ஒரு கொப்பியைத் தட்டை ஏந்துவது போல ஏந்தியிருப்பாள். "உக்காருங்களேன்கா" என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தோம். "நின்னாதான்டா எனக்குக் கதை வருது" என்பாள்.

மணியின் அட்டகாசம்தான் முதலில் தாங்க முடியாமல் போனது. நாலைந்து மழைக்குள் அவன் வெட்டாத அரக்கன் இல்லை. உடம்பு முழுக்க இரும்புக் கவசம் வேறு வாங்கிப் போட்டுக்கொண்டான். "இனிமே என் மேல ஒரு கீறல் விழாது" என்று தொடையைத் தட்டினான். அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். கொப்பியில் ஒரு பக்கத்தைப் புரட்டினாள்.

"சரி. ஒரு ஈரக்காடு. நடக்குறீங்க. மணி, ஒன் காலு நமைக்கிது."

"நமைக்கட்டும்."

"சரி. இப்ப தொட நமைக்கிது. அப்புறம் முதுகு."

"என்னக்கா அது?"

"அட்டை."

இரும்புக்குள் நூறு அட்டை. வாளை எங்கே வீசுவது? கவசத்தைக் கழற்ற ஒரு நாழிகை ஆகும், அதற்குள் எதிரி வந்துவிடுவான். தினம் விடிகாலையில் அட்டை ஏறாமலிருக்கக் காலுக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு மலைக்குப் போகிறவன், அரக்கனை வெட்டும் மயக்கத்தில் அட்டையை மறந்துவிட்டான். விமலா தன் மருந்துப் பையிலிருந்து சுண்ணாம்பு எடுத்துக் கொடுத்திருக்காவிட்டால் எங்கள் மகா வீரன் அட்டை கடித்தே செத்திருப்பான். அந்தக் கதை தோட்டம் முழுக்கப் பரவி, ஒரு மாதத்துக்கு மணியைக் கண்டால் பொம்பளைகள் காலைச் சொறிந்து காட்டினார்கள்.

சுனிலுக்கு வேறு மாதிரி. மோதிரத்தைக் கழற்றவே மாட்டேன் என்று அடம்பிடித்தான். எங்கு போனாலும் ஆள் தெரியாமல்தான் போவான். "சரி" என்றாள் அக்கா. மூன்று நாள் பட்டினியாக நடந்து ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். பந்தி போட்டார்கள். எங்கள் மூன்று பேருக்கும் இலை விழுந்தது.

"அக்கே, எனக்கு?"

"கண்ணுக்குத் தெரியாதவனுக்கு யாருடா சோறு போடுவா?"

"அனே, அது அநியாயம்!" என்று கத்தினான் சுனில். ஆனாலும் மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தான் சாப்பிட்டான்.

எனக்குச் சந்தேகம், இதையெல்லாம் அவள் முன்கூட்டியே அந்தக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள் என்று. நான் அப்போது உயர்தரம் வரைக்கும் படித்தவன் என்ற மிதப்பில் இருந்தவன். அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து மெல்லப் புரட்டிப் பார்த்தேன். அது ஏதோ ஒரு பிள்ளையின் சிங்கள எழுத்துப் பயிற்சிக் கொப்பி. பக்கம் பக்கமாக ஒரே எழுத்தை எழுதியிருந்தது, அவ்வளவுதான். இதைப் பார்த்துத்தான் இத்தனை நாள் எங்களுக்குக் குகையும் கோட்டையும் படித்துக் காட்டியிருக்கிறாள்! திரும்பி வந்தவள் என் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். அன்றைக்கு எனக்கு மட்டும் வௌவால் கூட்டம் வந்து சிறகைக் கடித்துக் குதறியது.

அவள் இரக்கமில்லாதவள் என்று நினைத்துவிடக் கூடாது. 'முடியாது' என்ற சொல் மட்டும் அவள் வாயில் வராது. என்ன கிறுக்குத்தனம் சொன்னாலும் சரி என்பாள். எத்தனைக்கு மேல் விழ வேண்டும் என்று ஒரு எண்ணைச் சொல்லுவாள். உருட்டச் சொல்லுவாள். காய் விழுகிற வரைக்கும் வழி திறந்துதான் இருக்கும். "நானா எதுக்கு மூடணும்? அதுவா மூடுனா மூடட்டும்" என்பாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒரு தரம் எங்கள் வீரர்கள் ராஜ சபைக்குப் போனார்கள். சிம்மாசனத்தில் ராஜா உட்கார்ந்திருக்கிறார். நாட்டைப் பிடிக்க எதிரி வருகிறான் என்று நாங்கள் அவரிடம் சொல்ல வேண்டும். மணி ரொம்பப் பணிவாகக் கேட்டான்:

"ராஜாவோட கணக்கப்புள்ள எங்கக்கா நிக்கிறாரு?"

"தூணுக்குப் பக்கத்துல" என்றாள் அக்கா, யோசிக்காமல்.

நாங்கள் கணக்கப்பிள்ளையிடம் போய்ச் சொன்னோம். அவர் தலைவரைக் கூட்டி வரச் சொன்னார். எங்களுக்கோ அக்காவுக்கோ அதில் ஒரு விகற்பமும் தெரியவில்லை. சுனில்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அனே, ராஜா இந்தா முன்னுக்குத்தானே இருக்கிறாரு! நேரா பேசுங்களேன்!"

மரியாதை தெரியாத பயல் என்று அவனைப் பார்த்தோம். அவனுக்கு எங்கே தெரியும்? தோட்டத்தில் கூரைத் தகரம் வேண்டுமா, லீவு வேண்டுமா, கங்காணியிடம் சொல்ல வேண்டும். கங்காணி கணக்கப்பிள்ளையிடம் சொல்லுவார். பெரிய விஷயம் என்றால் தொழிற்சங்கத் தலைவர் வேண்டும். தலைவர்தான் தோட்டத்தை நடத்தும் தொரையிடம் போவார். நான் பிறந்து வளர்ந்த இருபத்திரண்டு வருஷத்தில் தொரை முகத்துக்கு நேரே வாய் திறந்ததில்லை. அப்படி ஒரு எண்ணமே வந்ததில்லை. ரெண்டு மழைக்காலம் எங்களோடு விளையாடியதில் சுனிலும் கடைசியில் எங்களைப் போலவே கணக்கப்பிள்ளையைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

லயத்தில் அக்காவைப் பலருக்குப் பிடிக்காது. காரணம் இந்த ஆட்டம் அல்ல. அவள் அங்கே இருந்த மூன்றாவது வருஷம் அவளுடைய அம்மா படுக்கையில் விழுந்தாள். அண்ணன் பஜாருக்குப் போய்ப் போன் போட்டுச் சொன்னார். அம்மா மூன்று வாரம் கிடந்தாள். மூன்று வாரமும் பொழுது சாயும்போது, "வந்துட்டாளா?" என்று கேட்டாளாம். அக்கா வரவில்லை. அடக்கத்துக்கும் இல்லை, கருமாதிக்கும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷம் கழித்துத்தான் வந்து இறங்கினாள். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "அவங்க விடலங்க."

அண்ணன் அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் அதே லயத்தில் மூன்று காம்பரா, அதாவது மூன்று அறை, தள்ளி இருந்தார். ரப்பர் ஸ்டோரில் பாலைத் தகடாக அழுத்தும் ரோதை சுற்றும் வேலை. தங்கச்சி பீலிக்குத் தண்ணீர் பிடிக்க வந்தால் அரைக்குடத்தோடு திரும்பிப் போய்விடுவார். அவள் திரும்பி வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அவருக்கென்று கொண்டு வந்த சட்டை, கடதாசி பிரிக்காமல் அவளுடைய றங்குப் பெட்டியிலேயே கிடந்தது. அண்ணன் கூப்பிட்டுப் பேச மாட்டாரா என்று அவள் ஏங்கியது எங்களுக்குத் தெரியும். ஆட்டத்தின் நடுவில் வெளியே குடை ஒன்று போனால் போதும், அண்ணனோ என்று அக்காவின் கதை தடுமாறும்.

வைகாசியில் பிடித்த மழை ஐந்து நாள் விடவில்லை. ஐந்து நாளும் ஆட்டம். ஐந்தாவது நாள் மணி கொட்டகையே அதிரும்படி அறிவித்தான்.

"அக்கா, இனிமே எங்களுக்கு ஈடா ஒங்ககிட்ட ஆளே இல்ல. பெரிய பூதத்தையே நேத்து சாச்சுப்புட்டோம். பாவம், நீங்களும் எங்க போய்த் தேடுவீங்க?"

எல்லோரும் சிரித்தோம். என் சிரிப்புத்தான் பெரிது. அக்கா மணியின் முகத்தைப் பார்த்தாள். வழக்கத்தை விட அதிக நேரம் பார்த்தாள். கொப்பியைப் புரட்டாமல் மூடினாள்.

"சரி. இன்னைக்குப் பூதமும் இல்ல, பிசாசும் இல்ல. ஒரு வீடு."

"வீடா?"

"மூணு மாடி வீடு. நீங்க நாலு பேரும் அங்க வேலக்காரங்க. வாளு, மோதிரம், றெக்கை எல்லாம் ஒங்ககிட்டயே இருக்கட்டும், நான் ஒண்ணையும் புடுங்கல. ஊர்ல ஒங்க ஆத்தா படுக்கையில கெடக்குறாங்க. மூணு வாரம் தாங்குவாங்க. அதுக்குள்ள போய் மொகத்தக் காட்டணும். பாஸ்போட்டு மேடத்தோட அலமாரிக்குள்ள இருக்கு."

"அவ்ளோதானா?" என்றான் மணி.

அவள் குனிந்து இருபத்தொரு ரப்பர் கொட்டையை வரிசையாக வைத்தாள். ஒரு கொட்டை ஒரு நாள். அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு அப்போது சிறகு முளைத்த மிதப்பு.

மணி வாளால் அலமாரியை இரண்டாகப் பிளந்தான். "சரி, ஒடஞ்சிருச்சு. அப்புறம்?" பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓடினான். அலமாரியை உடைத்த ஆளைப் பிடிக்கப் பொலிஸ் அங்கே முதலே வந்து நின்றது. பொலிஸை வெட்டுகிறேன் என்றான். "சரி, வெட்டு. பிளேனை யாரு ஓட்டுவா?" ஏழு கொட்டை போனது.

சுனில் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு நைசாகப் போனான். பாஸ்போட்டை எடுத்தான், யாரும் பார்க்கவில்லை. விமான நிலையத்தில் உத்தியோகத்தர் படத்தைப் பார்த்தார். எதிரே ஆள் இல்லை. மோதிரத்தைக் கழற்றினான். எங்கிருந்தோ திடீரென்று முளைத்தவனுக்கு யார் முத்திரை குத்துவார்? மேலும் ஆறு போனது.

நான் பறந்தேன். ஜன்னல் வழியாகப் பறக்கிறேன் என்றேன்.

"அந்த ஜன்னலு நாலு விரலு அகலந்தான் தொறக்கும். ஏசிக் குளிர் வெளிய போயிருமாம்" என்றாள் அக்கா. "மொட்டை மாடிக்குப் போ. துணி காயப் போடுற கயிறு நாலு இருக்கு, குனிஞ்சு போகணும். வெள்ளை பெட்ஷீட்டு. சோப்பு வாசம் மூக்குல ஏறும். அங்கேருந்து பற."

அவள் குரல் மாறியிருந்தது. இதுவரை எந்தக் குகையையும் கோட்டையையும் அவள் இப்படிச் சொன்னதில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடல் மேல் எத்தனை நாள் பறப்பாய், எங்கே இறங்கித் தூங்குவாய் என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். சிறகு நனைந்து திரும்பி வந்தேன். ஆறு கொட்டை போனது. மணி கூட சிரிப்பை நிறுத்தியிருந்தான்.

தரையில் இரண்டே கொட்டை. மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அதுவரை வாய் திறக்காத விமலா, பாவாடையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் மேடத்துக்கிட்ட போறேங்கா."

"போயி?"

"எங்க ஆத்தாவுக்கு முடியல, என்னைய ஊருக்கு அனுப்புங்கன்னு கேக்குறேன்."

"கேட்டா விட மாட்டாங்க" என்றாள் அக்கா.

நாங்கள் நாலு பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தோம். காய் விழுமுன் அவள் ஒரு வழியை மூடியது அதுதான் முதல் தரம்.

விமலா கெட்டிக்காரி அல்ல. வாய்த் துடுக்கும் கிடையாது. குத்திக்காட்ட வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நீங்க கேட்டீங்களாக்கா?"

கொப்பியை ஏந்தியிருந்த அக்காவின் கை மெல்லக் கீழே இறங்கியது. எங்களைப் பார்க்காமல், கூரையிலிருந்து கொட்டுகிற தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்:

"யாரு மூலமாக் கேக்குறது? அங்க கணக்கப்புள்ளயும் இல்ல, தலைவரும் இல்ல. மேடம் முன்னாலதான் நின்னாங்க. தெனமும் தேத்தண்ணி குடுத்தேன். தட்ட நீட்டுறப்பல்லாம் தொண்ட வரைக்கும் வரும். நேரா எப்படிக் கேக்குறது? எனக்காகக் கேக்குறதுக்கு யாராச்சும் வருவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். மூணு வாரமும் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் அண்ணன் போன் பண்ணி, முடிஞ்சிருச்சுன்னாரு."

எனக்கு அழுகை வந்தது. ராஜாவின் கணக்கப்பிள்ளையை நாங்கள் தேடிய நாள் ஞாபகம் வந்தது. அவளுடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். சுனில் தலையைக் குனிந்துகொண்டான்.

விமலாதான் இருபது முகக் காயைக் கையில் எடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

"எத்தனைக்கு மேல விழணும்கா?"

அக்கா எண் சொல்லவில்லை. விமலா உருட்டிவிட்டாள். காய் சிமெந்தில் ஓடி, ஒரு கொட்டையில் முட்டி நின்றது. நாலு. மணி "ச்சே" என்றான். இருபதில் நாலு எதற்குக் காணும்? ஒரு அணிலை விரட்டக்கூட அக்கா அதை விடக் கூடுதலாகக் கேட்பாள்.

அக்கா சுவரிலிருந்து முதுகை எடுத்தாள். எங்கள் நடுவில் வந்து தரையில் உட்கார்ந்தாள். அந்தக் காயைக் குனிந்து பார்த்தாள்.

"நாலு போதும்" என்றாள். "அந்த அம்மா நல்லவங்க. நாலே போதும்."

அவள் அழுது நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். விமலா அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். நாங்கள் மூன்று ஆண்பிள்ளைகளும் வாளையும் மோதிரத்தையும் சிறகையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மத்தியானம் மழை விட்டது. எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பராதான் அக்காவின் அண்ணனுடையது. லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு காம்பராவில் பேசினால் அடுத்த காம்பராவில் கேட்கும், கேட்காதது போல இருப்பதுதான் மரியாதை. அக்கா வந்து வாசலில் நின்றதும் அண்ணன் எழுந்து வெளியே போகப் பார்த்தது எனக்குக் கேட்டது.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. அவங்க விடலன்னு சொன்னேன்ல, அது பொய். நான் கேக்கவே இல்ல. கேக்கத் தெரியல. கேட்டிருந்தா விட்டிருப்பாங்க."

கத்தப் போகிறார், கை நீட்டப் போகிறார் என்று நினைத்தேன். கட்டில் மட்டும் கிறீச்சிட்டது. உட்கார்ந்துவிட்டார் போல.

"ஆத்தாவுக்கு மூச்சு முட்டுனப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்னு டிஸ்பென்சர் ஐயா சொன்னாரு" என்றார். "லொறி கேக்கணும். தலைவரு வெளியூருக்குப் போயிட்டாரு. அவரு வரட்டும்னு ரெண்டு நாளு இருந்துட்டேன். லொறி ஸ்டோர் வாசல்லதான் சும்மா நின்னிச்சு. தொரை ரெண்டு தரம் என்னையத் தாண்டிப் போனாரு. வாயத் தொறக்கல நான்."

அப்புறம் ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

"ஒன்னையத் திட்டிக்கிட்டு இருந்தா அது ஞாபகம் வராது. அதான்."

அதற்கு மேல் கேட்பது தப்பு என்று எழுந்து பீலிப் பக்கம் போய்விட்டேன். பொழுது சாய்ந்து நான் திரும்பி வந்தபோது அக்கா இன்னும் உள்ளேதான் இருந்தாள். வாசலில் அவளுடைய செருப்பு கிடந்தது.

மறு வாரம் மறுபடியும் விடியலில் மழை. கணக்கப்பிள்ளை மரத்தைத் தடவிப் பார்த்துக் கையை வீசினார். நாங்கள் கொட்டகைக்கு ஓடினோம். தரை துடைத்திருந்தது, அக்கா சுவரோரம் நின்றிருந்தாள், காயெல்லாம் தயாராக இருந்தது. அப்போது குடையை மடக்கிக்கொண்டு அண்ணன் வந்து தூணோரம் நின்றார். பிரிக்காமல் கிடந்த அந்தச் சட்டையைப் போட்டிருந்தார். மடிப்புக் கோடு கூடப் போகவில்லை. பால் வராத நாளில் ஸ்டோரில் வேலை இல்லை, அதனால் சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று யாரும் கேட்காமலேயே சொன்னார். நாங்கள் நகர்ந்து இடம் விட்டோம். கூச்சத்தோடு சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

அக்கா ஒரு ரப்பர் கொட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அண்ணே, இங்க நீங்க யாரு?"

அவர் அந்தக் கொட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வெளியே மழையைப் பார்த்தார்.

"லொறி ட்ரைவரு" என்றார்.

வாளும் பூதமும் இருக்கிற கதையில் லொறியா என்று மணி வாயைத் திறந்தான். விமலா அவன் தொடையில் கிள்ளினாள்.

"சரி" என்றாள் அக்கா. "அப்புறம்?"

"லொறிய எடுக்குறேன். எடுத்துக்கிட்டு நேரா நம்ம வாசலுக்கு வர்றேன்."

அக்கா அவரைக் காய் உருட்டச் சொல்லவில்லை.